ஜான் ரிப்ளியின் தொழில் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் முதல் உலகப் போர் வீரர்களைப் பற்றி வந்த பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ரிப்ளியைப் பற்றியது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கிய இளம் வீரர், பிற்காலத்தில் கூரையில் கூலி வேலை பார்க்கிற நிலைக்கு வந்து, ஏணியிலிருந்து விழுந்து இறந்தார் என்று எட்டு வரியில் முடித்திருந்தீர்கள். மகள்தான் செல்போனில் காட்டினாள். வாசித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் முடியவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விருது உண்மை. விழுந்து இறந்ததும் உண்மை. நடுவில் ‘நிலைக்கு வந்து’ என்று இரண்டு சொல் போட்டிருக்கிறீர்களே, அதில்தான் எனக்கு வருத்தம். அவர் எந்த நிலைக்கும் வரவில்லை. போருக்கு முன்னால் அவர் செய்தது அந்த வேலையைத்தான். போர் முடிந்து திரும்பி வந்து செய்ததும் அதையேதான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தோன்றும். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஃபைஃப் என்ற பகுதிக்கு 1987இல் வந்தேன். அதில் இருபத்தாறு வருஷம் ரிப்ளி செய்த அதே தொழிலைச் செய்தேன், பெரும்பாலும் அவர் வேலை பார்த்த அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் கூரைகளில். சிலேட்டர். இப்போது ஓய்வு. முழங்கால் இரண்டும் தொழிலுக்குக் காணிக்கை.

சின்ன வயதில் குச்சியால் அ, ஆ எழுதிப் பழகினோமே, அதே சிலேட்டுக் கல்தான். அதைப் பாளம் பாளமாகப் பிளந்து கூரைக்குப் போடுகிறார்கள். போடுகிறவர் சிலேட்டர். நமக்கு ஓடும் கீற்றும் பழக்கம். சிலேட்டுக் கூரை பழக்கமில்லை, அதனால் இந்த வேலைக்கு நம்மிடம் தனிப் பெயரும் இல்லை. உங்கள் நிருபர் கூலி என்று எழுதியதற்கு அதுதான் காரணமாக இருக்கும். தப்பாக நினைக்கவில்லை. ஆனால் கொத்தனாரையோ தச்சரையோ அவர் அப்படி எழுதியிருக்க மாட்டார். கூலி வேலை கேவலம் என்று சொல்ல வரவில்லை; முதல் இரண்டு வருஷம் நானே கூலியாள்தான். கல்லைத் தோளில் வைத்து ஏணியில் ஏற்றிக் கொடுப்பேன், உடைந்ததைக் கீழே இறக்குவேன், மேஸ்திரிக்குத் தேநீர் போடுவேன். அதற்கப்புறம்தான் சுத்தியலைக் கையில் கொடுத்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரிப்ளியின் பெயர் என் காதில் முதன்முதலாக விழுந்தது ஒரு திட்டோடு சேர்ந்து. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம் இருக்கும். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, உச்சியைக் கட்டாமல் விறுவிறுவென்று ஏறிவிட்டேன். மேஸ்திரி கீழே வந்து நின்று ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்: “தம்பி, இந்த ஊரில் விக்டோரியா கிராஸ் வாங்கின சிலேட்டர் ஒருத்தர் இருந்தார். ஜெர்மன்காரனால் அவரைக் கொல்ல முடியவில்லை. ஏணி கொன்றது. கட்டு!” கட்டினேன். அன்றிலிருந்து கடைசி நாள் வரை கட்டினேன். ஒரே ஒரு நாள் தவிர; அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரிப்ளி 1867 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் பான்ஃப்ஷயரைச் சேர்ந்த கீத் என்ற சிற்றூரில் பிறந்தவர். விஸ்கிக்குப் பேர்போன வட்டாரம் அது. பிழைப்புக்காகத் தெற்கே வந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் தங்கினார். அந்த ஊரை இன்று உலகம் கோல்ஃபுக்காகத் தெரிந்து வைத்திருக்கிறது; 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் அங்கே இருக்கிறது. ஆனால் கூரைமேல் நிற்கிறவனுக்கு அந்த ஊர் வேறு மாதிரி தெரியும். வரிசை வரிசையாகக் கல்வீடுகள், ஒவ்வொன்றிலும் செங்குத்தாகச் சரியும் கருநீலக் கூரை, ஒவ்வொரு கூரையிலும் நாலைந்து வாய் வைத்த புகைபோக்கி. அதற்குப் பின்னால் கடல். கிழக்குக் காற்றடித்தால் கடலிலிருந்து ஒரு மூடுபனி ஊருக்குள் நுழையும்; ஹார் என்பார்கள். பத்து நிமிஷத்தில் எதிர்வீட்டு முகடு மறைந்துவிடும், காலுக்குக் கீழே சிலேட்டு சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஜூலையிலும் வரும். வேலையை நிறுத்திவிட்டு இறங்குவதைத் தவிர வழியில்லை. அன்றைக்கு அரை நாள் சம்பளம்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். உங்கள் பெட்டிச் செய்தியில் விடுபட்டது இதுதான்.

ரிப்ளி காலத்தில் இந்தப் பக்கத்துக் கூரைகளுக்குப் பலஹூலிஷ் குவாரிக் கல் நிறைய வந்தது. மேற்கே, கிளென்கோ பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கிற ஊர். 1690களில் தொடங்கிய அந்தக் குவாரியை 1955இல் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்தக் கல் வேண்டுமென்றால் பழைய வீட்டை இடிக்கிற இடத்தில்தான் வாங்க வேண்டும். வேல்ஸ் நாட்டுக் கல் மெல்லியது, ஒரே அளவாக வெட்டி வரும், யார் வேண்டுமானாலும் நூல் பிடித்து அடுக்கலாம். (வேல்ஸ்காரர்கள் சண்டைக்கு வந்தால் பார்த்துக்கொள்கிறேன்.) எங்கள் ஸ்காட்லாந்துக் கல் தடிமன், முரடு, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. சிலதில் பைரைட் கனிமம் சின்னச் சதுரக் கட்டிகளாகப் பதிந்திருக்கும். வெயில் பட்டால் தங்கம் மாதிரி மின்னும். முதல் தடவை பார்த்தபோது ஒன்றை நோண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

கல் ஒரே அளவாக வராததால் கூரைக்கு ஏறும் முன்பே பாதி வேலை தரையில் நடக்கும். ஒவ்வொரு கல்லையும் கையில் தூக்கி விரல் முட்டியால் தட்ட வேண்டும். நல்ல கல் மணி போலக் கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும். அது தனியே போய்விடும். அப்புறம் நீளம் வாரியாக, தடிமன் வாரியாகப் பிரிக்க வேண்டும். பெரியதெல்லாம் கீழே இறவாணத்துக்கு, மேலே போகப் போகச் சின்னது, முகட்டருகே உள்ளங்கை அகலம். கீழிருந்து நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு அழகுக்காகச் செய்த மாதிரி தெரியும். அழகுக்காகச் செய்ததில்லை, சின்னக் கல்லையும் வீணாக்காமல் போடுவதற்கான கணக்கு அது.

ஓட்டை போடுவது அடுத்தது. சிலேட்டர் சுத்தியலின் ஒரு முனை ஊசி போலிருக்கும். கல்லை முழங்கால்மேல் குப்புறப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து ஒரே தட்டு. அப்படித் தட்டினால் மேல்பக்கம் ஓட்டையைச் சுற்றிக் கொஞ்சம் சிதறிக் குழிவிழும். ஆணியின் தலை அந்தக் குழிக்குள் உட்கார்ந்துகொள்ளும், மேலே வரும் கல்லை முட்டாது. மேலிருந்து தட்டினால் ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கும். இந்த ஒரு தட்டைப் பழக எனக்கு எத்தனை கல் உடைந்தது என்று கேட்காதீர்கள்.

இங்கே கூரைக் கைமரத்தின்மேல் முழுக்கப் பலகை அடித்துவிட்டு அதன்மேல்தான் சிலேட்டு. காற்று பனித்தூளைக் கல்லுக்கடியில் ஊதித் தள்ளுகிற நாடு. ஒரு கல்லுக்குத் தலைப்பக்கம் ஒரே ஒரு ஆணி. ஏன் ஒன்று? நடுவில் ஒரு கல் உடைந்தால் பக்கத்துக் கற்களை ஆணியை அச்சாக வைத்து மெதுவாக ஒதுக்கலாம், கடிகார முள்ளை நகர்த்துவது போல. உடைந்ததை எடுத்துவிட்டுப் புதியதை அடித்து, ஒதுக்கியதைத் திரும்பச் சுழற்றிவிட்டால் சரி. நூறு வருஷம் கழித்து வரப்போகிற ஒருவனுக்கு வழி விட்டுவிட்டுப் போகிற வேலை இது. நான் பிரித்த கூரைகளில் பலவற்றை, எனக்கு முன்னால் யாரோ அப்படித்தான் எனக்காகப் போட்டு வைத்திருந்தார்கள்.

ஒரு தடவை செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு வீட்டுப் பின்கூரையைப் பிரித்தபோது, அடிப்பலகையில் பென்சிலால் எழுதியிருந்தது. 1911 என்று வருஷம், இரண்டு எழுத்தில் யாரோ ஒருவரின் பெயர்ச் சுருக்கம், பக்கத்தில் ‘மழை’ என்ற ஒரே சொல். வெளிச்சமே படாமல் இருந்ததால் நேற்று எழுதிய மாதிரி இருந்தது. ரிப்ளி எழுதியது என்று சொல்லவில்லை. எழுத்துகளும் அவருடையவை அல்ல. ஆனால் அந்த வருஷம் அந்த ஊரில் கூரைமேல் மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர். நாங்களும் தேதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு மூடினோம். அன்றும் மழைதான்.

புகைபோக்கி சுத்தம் செய்வதும் அந்தக் காலத்துச் சிலேட்டர்கள் பலருக்குக் கூடவே வந்த வேலை. ஸ்காட்லாந்தில் மேலிருந்துதான் இறக்குவார்கள்: கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு, அதற்குமேல் தூரிகை. அதனால் கூரைக்கு ஏறத் தெரிந்தவனே அதையும் செய்தான். கரி, காற்று, உயரம். நாற்பது வயதுக்குமேல் ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தார் என்றால் அவருடைய கால் நிதானத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, போருக்கு வருகிறேன். 1914 ஆகஸ்டில் போர் அமைச்சர் கிச்சனர் முதல் ஒரு லட்சம் பேரைக் கேட்டபோது வயது வரம்பு 19 முதல் 30. ஆள் போதாமல் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். நீங்கள் ‘இளம் வீரர்’ என்று எழுதியிருந்த ரிப்ளிக்கு, விருது வாங்கித் தந்த சண்டையின்போது வயது 47. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் மகன் வயது. அவர் இருந்தது பிளாக் வாட்ச் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன், பதவி கார்ப்பரல். கரும்பச்சைக் கட்டம் போட்ட கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் பாவாடை) கட்டுகிற படை. ஃபைஃப், டண்டீ, பெர்த் பக்கத்து ஆட்களுக்கு ராணுவம் என்றாலே அதுதான்.

1915 மே 9. பிரான்ஸின் வடக்கே ரூ டு புவா என்ற சாலையை ஒட்டிய வயல்வெளி. ஓபேர் மேட்டைப் பிடிப்பதற்கான தாக்குதல். 2015இல் மகளோடு பஸ்ஸில் அங்கே போய்ப் பார்த்தேன். மேடு என்று பேர், எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. நாங்கள் நின்ற இடம் உள்ளங்கை மாதிரி தட்டை. கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும் மண். அதனால் அங்கே பதுங்குகுழியை ஆழமாகத் தோண்ட முடியாது, மண்மூட்டை அடுக்கிச் சுவராக எழுப்புவார்கள். ஜெர்மன்காரர்கள் மார்ச் மாதச் சண்டைக்குப் பிறகு அந்தச் சுவரை நன்றாகத் தடிக்க வைத்து, முன்னால் முள்கம்பியையும் கூட்டியிருந்தார்கள். பிரிட்டிஷ் பீரங்கிகளிடம் சுவரை உடைக்கிற கனத்த வெடிகுண்டு போதுமான அளவு இல்லை. அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிஷம் சுட்டார்கள். சுவர் அப்படியே நின்றது. காலையில் போன அலைகள் வயலிலேயே விழுந்தன.

அது போதாதென்று மாலை நான்கு மணிக்குச் சற்று முன்னால் பிளாக் வாட்சை அனுப்பினார்கள். காலையில் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பட்டாலியனில் எதிரியின் மண்சுவர்மேல் முதலில் ஏறிய ஆள் ரிப்ளி என்று அரசிதழில் வந்த விருதுக் குறிப்பு சொல்கிறது. ஏறியவர் உடனே உள்ளே குதிக்கவில்லை. சுவர்மேல் நின்று, முள்கம்பியில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறார். அப்புறம் சுவரின் ஒரு உடைப்பு வழியாகத் தன் பிரிவை இரண்டாம் வரிசைக்கு அழைத்துப் போனார். ஏழெட்டுப் பேரோடு அங்கே இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, சுடுவதற்கு இடம் அமைத்து, கூட இருந்த எல்லோரும் விழும்வரை, தலையில் பலத்த காயம் பட்டுத் தானும் விழும்வரை பிடித்து நின்றார்.

கூரையில் ஏறிப் பழகியதால்தான் சுவரில் முதலில் ஏறினார் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் அது கதை. குண்டு பறக்கிற இடத்தில் எந்தப் பழக்கம் கைகொடுக்கும் என்று எனக்குத் தெரியாது, நான் ராணுவத்தில் இருந்ததில்லை. ஆனால் ஒன்றைச் சிலேட்டராகச் சொல்லலாம். மேலே போனவன் தான் நிற்க இடம் கிடைத்ததும் முதலில் பார்ப்பது பின்னால் ஏறுகிறவனுக்கு எங்கே கால் வைக்க முடியும் என்பதைத்தான். கையை நீட்டி, ‘இங்கே வேண்டாம், அங்கே’ என்று காட்டுவோம். யோசித்துச் செய்வதில்லை. விருதுக் குறிப்பின் அந்த வரியை வாசிக்கும்போது எனக்கு அந்தக் கை தெரிகிறது.

அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர், காயம் பட்டவர், காணாமல் போனவர் 11,000க்கு மேல். அடுத்த வாரம் லண்டன் டைம்ஸின் ராணுவ நிருபர் குண்டுத் தட்டுப்பாட்டைப் பற்றி எழுதினார், பெரிய ரகளையாகி, அந்த மாதமே கூட்டணி அரசு வந்தது, வெடிமருந்துக்கென்று தனி அமைச்சகத்தோடு. இதெல்லாம் புத்தகங்களில் இருக்கிறது, நான் நீட்ட வேண்டாம்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதியிருக்க வேண்டும். உங்கள் வாசகர்கள் தமிழர்கள் என்பதால் சொல்கிறேன். ரிப்ளி ஏறிய சுவருக்குப் பக்கத்திலேயே, அதே தாக்குதலில், இந்தியப் படையின் மீரட் டிவிஷன் இருந்தது. கூர்க்காக்கள், டோக்ராக்கள்; டோக்ராக்களோடு ஒரே பிரிகேடில் பிளாக் வாட்சின் இரண்டாம் பட்டாலியன். அந்தப் பட்டாலியனின் டேவிட் ஃபின்லே என்ற லான்ஸ் கார்ப்பரலுக்கும் அதே நாள், அதே இடத்துக்காக விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பன்னிரண்டு பேரோடு குண்டெறியப் போனார், பத்துப் பேர் விழுந்தார்கள், மீதி இருவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு, காயம் பட்டுக் கிடந்த ஒருவரைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே நூறு கஜம் தூக்கி வந்தார். அவர் பிறந்த ஊர் கார்டுபிரிட்ஜ். செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து நாலைந்து மைல், நான் வேலைக்குப் போகும் வழி. ஒரே வட்டாரத்தின் இரண்டு பேர், ஒருவர் பிரிட்டிஷ் படைகளின் நடுவில், இன்னொருவர் இந்தியர்களோடு. ஃபின்லே 1916 ஜனவரியில் மெசபடோமியாவில் செத்தார், 23 வயதுகூட நிறையவில்லை. நீங்கள் தேடிய இளம் வீரர் அவர்தான்.

ரூ டு புவாவை ஒட்டி லெ தூரே நினைவிடத்தில், உடல் கிடைக்காத 13,000க்கு மேற்பட்டவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. அங்கிருந்து அதிக தூரமில்லாத நவ் ஷாப்பெல்லில் 1927இல் திறந்த இந்திய நினைவிடம். அங்கே 4,700க்கு மேற்பட்ட பெயர்கள். என் மகள் இரண்டு இடத்திலும் பெயர்களை வாசித்துக்கொண்டு போனாள். நான் தொழில் புத்தியில் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரிப்ளி பிழைத்துக்கொண்டார். விருது 1915 ஜூன் கடைசியில் அரசிதழில் வந்தது, பின்பு சார்ஜென்ட் ஆனார், போர் முடிந்தது, வீட்டுக்கு வந்தார். வந்து ஏணியை எடுத்தார்.

இங்கேதான் உங்கள் செய்தி அவரைப் பரிதாபமாக்குகிறது. நாடு அவரைத் தாங்கியது என்று நானும் சொல்ல மாட்டேன். அதிகாரி அல்லாதவர்களுக்கு விக்டோரியா கிராஸோடு வந்த உதவித்தொகை ஆண்டுக்கு 10 பவுண்ட். 1856இல் வைத்த தொகையை 1915இல்கூட மாற்றவில்லை. காப்பீடு கட்டிய தொழிலாளிக்கு 65 வயதில் முதியோர் பென்ஷன் என்று 1928இல் வந்தது. அதுவும் வாரம் 10 ஷில்லிங்தான். இதைச் சொல்லி நீங்கள் அரசாங்கத்தைத் திட்டியிருந்தால் கூடவே நின்றிருப்பேன். நீங்கள் திட்டியது தொழிலை. மெடல் வாங்கின கையில் சுத்தியலா என்று கேட்கிற தொனி அது. அந்தக் கையில் சுத்தியல்தான் முதலில் இருந்தது, ஐயா.

தலையில் அத்தனை பெரிய காயத்தோடு வந்த ஒருவர், ஐம்பது வயதுக்குமேல், செங்குத்தான கூரையில் மறுபடி நின்றிருக்கிறார் என்பதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். நான் விழுந்தவன், அதனால் சொல்கிறேன். 2004 நவம்பர், ஒரு கிராமத்து வீடு, சின்ன வேலை, நாலு கல் மாற்ற வேண்டும். சாரம் கட்டக் கம்பெனி காசு தரவில்லை. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. காலையில் உறைபனி. ஏணியை நாலடி உயரத்துக்கு ஓரடி கணக்கில்தான் சாய்த்தேன், ஆனால் உச்சியைக் கட்டவில்லை. நாலு கல்லுக்குக் கட்டுவானேன் என்று தோன்றியது. ஏணி கூரையோர மழைநீர்ப் பீலியோடு உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விழுகிற நேரத்தில் மேஸ்திரியின் குரல் கேட்டது என்றெல்லாம் சொன்னால் பொய். ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கின. எட்டு மாதம் வீட்டில். அடுத்த வருஷமே உயரத்தில் வேலை செய்வதற்கான புதுச் சட்ட விதிகள் வந்தன, சாரம் இல்லாமல் அனுப்புவது கஷ்டமானது.

திரும்ப ஏறிய முதல் நாள் மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலே போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே நின்ற அப்ரண்டிஸ் பையன் ஒன்றும் பேசாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான், நல்ல பையன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் ஏறினேன். வேறு வேலை கிடைக்காததால் ஏறினேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். கிடைத்திருக்கும். ஏறத்தான் ஆசை.

ரிப்ளிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். காசுக்காகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம். 1933 ஆகஸ்ட் 14. அந்த மாதம் 66 நிறையப் போகிறது. வேலையில் இருந்தபோது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸுக்குத் தெற்கே அப்பர் லார்கோவில் அடக்கம் செய்திருக்கிறார்கள். லார்கோ லா என்ற பழைய எரிமலைக் குன்று பின்னால் நிற்கும், முன்னால் கடற்கழி. போன மாதம் நானும் மகளும் போயிருந்தோம். அவள் பூ வைத்தாள். எனக்குச் சுற்றியுள்ள வீட்டுக் கூரைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வீட்டில் முகட்டிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒரு கல் நழுவிப் பீலியில் கிடந்தது. கதவைத் தட்டிச் சொல்லலாமா என்றேன். “அப்பா, ஓய்வு வாங்கிட்டீங்க,” என்றாள். தட்டினேன். வீட்டில் ஆள் இல்லை. துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் போட்டுவிட்டு வந்தோம்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். வயது 47 என்று போடுங்கள். பக்கத்தில் இந்தியப் படை இருந்ததை ஒரு வரியில் சேருங்கள். ‘கூலி வேலை பார்க்கிற நிலைக்கு வந்து’ என்பதை எடுத்துவிட்டு ‘சிலேட்டுக் கூரை வேயும் தொழிலில் போருக்கு முன்பும் பின்பும் இருந்தவர்’ என்று போட்டால் போதும். சொல் நீளமாக இருக்கிறது, இடம் பற்றாது என்றால் விருதைப் பற்றிய வரியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிலேட்டர் ஒருவர்,
ஃபைஃப், ஸ்காட்லாந்து

(பெயரை வெளியிட வேண்டாம். ஏணி கட்டாத கதை பழைய கூட்டாளிகளுக்குத் தெரியாது.)